பதினேழாம் தேதிக் குழம்பு

மங்கையர்க்கரசிக்கு ஓரகத்தி மேல் பொறாமை உண்டா என்று கோட்டுச்சேரியில் யாரைக் கேட்டாலும், "சேச்சே, ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரில்ல இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு என்ன தெரியும்? பொறாமை என்ன, விடிந்ததும் வாசலில் போட்டுவைக்கிற கோலமா, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போக? அது அடுப்பங்கரையில் இருக்கிற சாமான். வீட்டுக்காரிக்கு மட்டும்தான் எந்தத் தட்டில் இருக்கிறதென்று தெரியும்.

ஓரகத்தி பெயர் சிவப்ரியா. மங்கையின் கொழுந்தன் ஹரிஹரனின் மனைவி. புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியை. பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு இரண்டு நாள், நடுவில் கல்யாணம் காட்சி என்றால் ஒரு நாள் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பாள். "நீ உக்காரு தாயி" என்பாள் மங்கை. அவளும் உட்கார்ந்துவிடுவாள். அங்கேதான் வயிற்றில் முதல் கங்கு விழும்.

இந்தக் கங்கு பற்றி எரிந்தது மாமனார் தெட்சிணாமூர்த்தியின் கருமாதி அன்று.

தெட்சிணாமூர்த்தி பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே காரைக்கால் மேரியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிய மனிதர். கொடி மாறி, மேரிக்கு நகராட்சி என்று பெயர் வந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே எழுதி ஓய்வு பெற்றார். ஆபீசில் ஊராருக்கு எழுதிய கை, வீட்டில் சும்மா இருக்குமா? தினம் சாயங்காலம் நாலு வரி. யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்த வயல் நடவாயிற்று, எந்தப் பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது, பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்து இந்த மனையில் கால் வைத்தார் என்று தன் அப்பா சொன்ன கதை எல்லாம். பத்தொன்பது நோட்டு. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். இருந்தவரை ஒருவரும் தொட்டதில்லை.

அவர் போன பதினாறாம் நாள், பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, மங்கையின் கணவர் வைத்திலிங்கம் பீரோவைத் திறந்து பதினெட்டு நோட்டையும் எடுத்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தார். பத்தொன்பதாவது எங்கே என்று அப்போது யாரும் தேடவில்லை.

"நீ வெச்சுக்கம்மா. படிச்ச பொண்ணு. ஒனக்குத்தான் இதோட அரும தெரியும்."

மங்கை அப்போது வடைத் தட்டோடு நடையில் நின்றிருந்தாள். தட்டு கையில் அப்படியே கனத்தது. இருபத்திரண்டு வருஷம். கிழவருக்குக் கண் புரை எடுத்தபோது சொட்டு மருந்து விட்டது யார்? கடைசி எட்டு மாசம் படுக்கையில் புரட்டிப் போட்டுத் துடைத்தது யார்? அவளுக்குத்தான் அருமை தெரியுமென்றால், எனக்கு எதன் அருமை தெரியும், எருமையின் அருமையா? வடையைக் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சிவப்ரியா நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். தலைத் திவசத்துக்குள் புத்தகமாகப் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறாளாம். ஒவ்வொரு வாரமும் ஒரு புதையல் எடுப்பாள். "பெரிய மாமா, நம்ம பாட்டனாரு காசாக்குடிலேருந்து ரெண்டு மாட்ட ஓட்டிக்கிட்டு வந்தாராம், தெரியுமா?" வைத்திலிங்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். மங்கையிடம் அந்த மனிதர் அப்படிச் சிரித்து எந்தக் காலமோ. "என்னங்க, சோறு ஆறுது" என்று இவள் மூன்று தடவை சொன்ன பிறகுதான் போன் கீழே இறங்கும்.

கடைத்தெருவில், கோயிலில், பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாம் சிவப்ரியா புராணம். "அவ மட்டும் இல்லன்னா நம்ம வம்சம் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாமப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மங்கையும் "ஆமாமா, கெட்டிக்காரி" என்பாள். சொல்லும்போது நாக்கில் வேப்பங்கொழுந்தைக் கடித்த ருசி.

பத்தொன்பதாவது நோட்டு இருந்த இடம் கிழவரின் மெத்தை. பஞ்சு அடிக்கக் கொடுக்கலாமென்று உறையைக் கழற்றியபோது கைக்குத் தட்டுப்பட்டது. 2003 தையில் தொடங்கி, கை நடுங்கி எழுத்து நின்றுபோன 2005 வரைக்கும். மங்கை யாரிடமும் மூச்சு விடவில்லை. அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். அவளிடம் பதினெட்டு இருந்தால் என்னிடம் ஒன்று. கடைசி ஒன்று இல்லாமல் எப்படிப் புத்தகம் போடுகிறாள் பார்க்கலாம்.

மத்தியானம் வைத்திலிங்கம் வயலுக்குப் போன பிறகு நோட்டை எடுத்துத் தன் பெயரைத் தேடினாள். அவள் கேட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. வம்சத்தின் கதையில் மூன்றெழுத்து. மங்கை என்று.

இப்படி இருந்தது நோட்டு: "12 ஜனவரி 2004. ஹரிஹரன், சிவப்ரியா வந்தார்கள். மாலையில் சிவப்ரியா காபி போட்டாள். நன்றாக இருந்தது."

மங்கை அந்த வரியை நாலு தரம் படித்தாள். இருபத்திரண்டு வருஷம், நாளைக்கு மூன்று காபி, கழுவி வைத்த டம்ளர் மட்டும் அடுக்கினால் கோபுரம் அளவுக்கு வரும். அதில் ஒரு டம்ளராவது நன்றாக இல்லையா? வருஷத்துக்கு ஆறு நாள் வருகிறவள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதுவும் மங்கை இறக்கி வைத்த டிகாஷனில், மங்கை காய்ச்சி வைத்த பாலை ஊற்றிக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அது வரலாறு ஆகிவிட்டது.

பக்கத்தைப் புரட்டினாள். "26 டிசம்பர் 2004. கடல் உள்ளே வந்துவிட்டது. கருக்களாச்சேரியிலிருந்து முப்பத்தொரு பேர் நம் வீட்டில். சோறு வடித்தாயிற்று."

வடித்தாயிற்றாம். யார் வடித்தது? பானை தானாக ஏறி உட்கார்ந்ததா? அன்றைக்கு மூன்று நாள் அடுப்பை அணைக்காமல், புகையில் கண் சிவந்து, ஈரத் துணியோடு வந்த பிள்ளைகளுக்குத் தன் பிள்ளைகளின் சட்டையைப் போட்டுவிட்டு, பாய் இல்லாமல் சாக்கில் படுத்தவள் அவள். நோட்டில் அவள் இல்லை. சோறு இருக்கிறது. முப்பத்தொரு பேரும் இருக்கிறார்கள். மாடு ஈன்றது இருக்கிறது. மின்சார ஆபீஸ் ஆள் வந்து மீட்டர் பார்த்தது இருக்கிறது. மீட்டர்காரன் பெயர்கூட இருக்கிறது!

அழுகை வந்தது. அழுதுகொண்டே நோட்டைக் கடைசிவரை பார்த்தாள். இல்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. வரக்கூடாத யோசனைதான். வந்துவிட்டதே.

2004 ஜூன் மாசப் பக்கம் ஒன்றின் அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தது. பதினாறாம் தேதியோடு பக்கம் முடிந்திருந்தது. பதினேழை எழுதாமலே விட்டிருந்தார். சாமியாகப் பார்த்து விட்டுவைத்த இடம் என்று நினைத்தாள். அந்த ஆனி மாசம் கோலா மீன் கொள்ளையாய் விழுந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கருக்களாச்சேரி மீன்காரி அல்லி கூடை கூடையாய்க் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு நாள் மங்கை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கிழவர் அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு பிடி சாப்பிட்டார். அது சத்தியம்.

நாள்காட்டித் தாளின் பின்புறம் இரண்டு நாள் எழுதிப் பழகினாள். கிழவரின் "ம" வயிறு புடைத்திருக்கும். "ழ"வின் கால் நீண்டு அடுத்த வரியைத் தொடும். அவருடைய மைப் பேனாவையே கழுவி, மை ஊற்றி, மூன்றாம் நாள் எழுதினாள். "17 ஜூன் 2004. மருமகள் மங்கையர்க்கரசி வைத்த கோலா மீன் குழம்பு மிகவும் நன்றாக இருந்தது." எழுதி முடித்து ஊதிக் காயவைத்தாள். எழுத்தின் வளைவிலேயே கண்ணாக இருந்தவள், பக்கத்தைத் திருப்பி மறுபக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

"மெத்தையில கெடந்துச்சு" என்று நோட்டைப் புதுச்சேரிக்குக் கொடுத்தனுப்பினாள். சிவப்ரியா உடனே போன் செய்தாள். "அக்கா, ஒங்களுக்குக் கோயில் கட்டணும்!" என்றாள். கோயில் வேண்டாம், ஒரு வரி போதும் என்று மங்கை நினைத்துக்கொண்டாள். பத்து நாளைக்கு மனசு குளிர்ந்து கிடந்தது.

தலைத் திவசத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். சைவச் சாப்பாடு, ஒன்பது காய், எல்லாம் மங்கை. புத்தகம் முப்பது பிரதி, எல்லாம் சிவப்ரியா. நீல அட்டை. உள்ளே முதல் பக்கத்தில் "தொகுத்தவர்: சிவப்ரியா ஹரிஹரன்" என்று கொட்டை எழுத்து. மங்கை அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி பாயை விரித்தாள்.

ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்பது சிவப்ரியாவின் ஏற்பாடு. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து புத்தகம் கை மாறிக்கொண்டே வந்தது. மாடு ஓட்டி வந்த பாட்டனுக்கு "ஆகா" என்றார்கள். புயலில் ஓடு பறந்ததற்கு "அடடா" என்றார்கள். காபி வரி வந்தபோது எல்லோரும் சிவப்ரியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹரிஹரன், "எனக்கு ஒரு நாளும் அப்படிப் போட்டுக் குடுத்ததில்ல" என்றான். கூடம் அதிர்ந்தது. சிரி, சிரி, என் வரி வரட்டும் என்று மங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிழவரின் தங்கை அன்னபூரணியின் முறை வந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்தாள். எழுபது வயதிலும் கண்ணாடி இல்லாமல் வாசிப்பாள். அவள் வாய்க்குப் பயந்து சம்பந்தி வீட்டில் பூனைகூட மதில் ஏறாது என்பார்கள்.

"பதினேழு ஜூன். மருமகள் மங்கையர்க்கரசி வைத்த கோலா மீன் குழம்பு மிகவும் நன்றாக இருந்தது." அன்னபூரணி நிமிர்ந்தாள். "பாத்தியா மங்க! எங்க அண்ணன் வாயால ஒருத்தருக்கு நல்லாருக்குன்னு வராது. ஒனக்கு எழுதியே வெச்சிருக்கு!"

நாற்பது முகமும் திரும்பின. வைத்திலிங்கமும் திரும்பினார். அவர் பார்வையில் ஒரு பெருமை தெரிந்தது. மங்கைக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. பொய்யென்று தெரிந்தும் சந்தோஷம் வந்ததே, அதை என்னவென்று சொல்ல.

புத்தகம் அன்னபூரணியின் பேத்தி வினிதாவின் கைக்குப் போனது. அவள் அடுத்த பக்கத்தை ஆரம்பித்தாள். "பதினெட்டு ஜூன். நேற்று அமாவாசை. கடற்கரையில் தர்ப்பணம் ஆயிற்று. ஒருபொழுது இருந்த களைப்பு இன்னும் தீரவில்லை."

"நில்லுடி" என்றாள் அன்னபூரணி.

வினிதா நிறுத்தினாள்.

"நேத்து அமாவாசன்னா, பதினேழு அமாவாச. அமாவாசையில எங்க அண்ணன் மீனு தின்னுச்சா? அப்பனுக்கு எள்ளு தண்ணி எறைச்சுட்டு வந்து கோலா மீனு கொழம்பு ஊத்தித் தின்னுச்சா? நாலு வயசுலேருந்து பாக்குறேன் நான் அத!"

மங்கையின் கை தூணிலேயே ஒட்டிக்கொண்டது. கிழவர் இருந்தவரை அமாவாசைக்கு அமாவாசை அவருக்குத் தனியாக வெங்காயம்கூடச் சேர்க்காமல் சமைத்துப் போட்டவள் அவள். அவளுக்கா இது தோன்றாமல் போயிற்று? எல்லோருக்கும் முன்னால் இன்னும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். மருமகள் மாமனார் நோட்டில் திருட்டு எழுத்து எழுதினாள் என்று இந்த வம்சம் இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருக்கும். அவள் பெயர் நிலைத்துவிடும், அப்படித்தான் நிலைக்கும்.

"ஐயோ, அது என் தப்பு அத்த" என்றாள் சிவப்ரியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பத்தொம்பதுன்னு இருந்துச்சு. நான் அவசரத்துல பதினேழுன்னு அடிச்சு, எடத்தையும் மாத்திப் போட்டுட்டேன்."

"அப்புடியா? நோட்டக் கொண்டா, பாத்துருவம்."

"நோட்டு பாண்டிச்சேரியில இருக்கு அத்த. இந்தப் புத்தகத்துல நானே பேனாவால திருத்திக் குடுத்துர்றேன்."

அன்னபூரணி "கம்ப்யூட்டர்ல அடிச்சா தப்பே வராதுன்னாங்க" என்று முனகிவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தாள். நோட்டு பாண்டிச்சேரியில் இல்லை. சிவப்ரியாவின் தோள்பைக்குள் அதன் சிவப்பு முதுகு தெரிந்ததை மங்கை காலையிலேயே பார்த்திருந்தாள்.

மானம் தப்பியது. நன்றி வரவேண்டிய இடம்தான். வந்தது நன்றி இல்லை, பழைய எரிச்சல்தான், முன்னைவிட அதிகமாக. பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டதே! படிப்பு அவளுக்கு, காபி அவளுக்கு, புத்தகம் அவளுக்கு. போகட்டும். நல்லவள் என்ற பெயராவது மிச்சம் இருந்தது மங்கைக்கு. அதையும் நாற்பது பேர் நடுவில் ஒரே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் புத்தகம் கையில் கொடுக்க வேண்டும். சிவப்ரியா முப்பது பிரதியையும் சுமந்துகொண்டு அடுப்பங்கரைக்கு வந்து, பாத்திரங்களைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மங்கை கதவைச் சாத்தினாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

சிவப்ரியா பேனா மூடியைக் கழற்றினாள். "பாத்த அன்னைக்கே அக்கா. மாமா பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. ஏழுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு போடுவாங்க. ஒங்க ஏழுல கோடு இல்ல. அதோட பத்தொம்பது நோட்டுலயும் ஒரு அமாவாசைக்கும் அவங்க எழுதுனதில்ல. அந்த எடம் எல்லாத்துலயும் வெறுமனத்தான் இருக்கும்."

"தெரிஞ்சுமா அச்சடிச்ச?"

"வேற என்ன பண்றது? எடுத்துட்டா ஒங்களுக்கு மூஞ்சி வாடிப்போகும். தேதிய மாத்தலாம்னா, நோட்டுல இல்லாதத நானா எப்படிப் போடுறது? பக்கம் மாறுதே, யாரு கவனிக்கப்போறாங்கன்னு இருந்துட்டேன். அத்த இருக்கறத மறந்துட்டேன்."

மங்கை அம்மிக்கல்லில் உட்கார்ந்தாள். "நான் ஒரு வார்த்தகூட இல்லையே சிவா அதுல. மீட்டர்காரன் இருக்கான். நீ இருக்க."

"நான் மீட்டர்காரன் மாதிரித்தான் இருக்கேன் அக்கா" என்றாள் சிவப்ரியா. சிரிக்கவில்லை. "வந்தாள், போனாள். பத்தொம்பது நோட்டையும் அடிச்சவ நான். மாமா தன்னப் பத்தி எழுதல, பெரிய மாமாவப் பத்தி எழுதல, ஒங்களப் பத்தி எழுதல. வெளியிலேருந்து வந்தவங்களத்தான் எழுதியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் என் பேரு வர்றப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பதினோரு வருசம் ஆச்சு நான் இந்த வீட்டுக்கு வந்து. இன்னும் வருகைப் பதிவேட்டுல இருக்கேன். ஒங்கமேல எனக்கு வயித்தெரிச்சல்."

மங்கை அவளைப் பார்த்தாள். இவளுக்கா, என் மேலா? நினைக்கக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிமிஷம்தான். எழுதாமல் விட்டதே பெருமை என்று எழுதப்பட்டவள் வந்து சொல்கிறாள். வயிறு நிறைந்தவளுக்கு விரதத்தின் மகிமை நன்றாகத்தான் தெரியும்.

"அப்ப நானும் விருந்தாளியாவே இருந்துட்டுப் போயிருப்பேன்" என்றாள் மங்கை. "யாரு வேணாம்னா?"

சிவப்ரியா புத்தக அடுக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். முதல் பிரதியை மடியில் வைத்து விரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மாமா அன்னைக்கு நெசமாவே நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

பின்கட்டில் யாரோ கிணற்றில் வாளியை இறக்கினார்கள். மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லல."

"ம்."

"ஒரு தரம் தின்னுட்டு, கிண்ணத்த நகத்துனாரு. இன்னுங் கொஞ்சம் ஊத்துன்னாரு. அவ்வளவுதான்."

"அப்ப அதையே எழுதலாமா? 'இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்'னு? அது உண்மையும் ஆச்சு."

மங்கை யோசித்தாள். உண்மைதான். நல்ல வரிதான். இவள் வாயில் வந்த வரி, அதனால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே வரியையும் இவளா எழுத வேண்டும்?

"வேணாம்" என்றாள். "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். தேதிய மட்டும் மாத்து."

சிவப்ரியா தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். மங்கை கையை நீட்டி அவள் விரலிலிருந்து பேனாவை வாங்கினாள். மடியிலிருந்த புத்தகத்தையும் வாங்கினாள்.

"குடு. நான் போடுறேன்."

முப்பது பிரதியிலும் அவளே திருத்தினாள். சிவப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.